ஐ.சி.எஃப். சுவரில் வீடு கட்டலாமா?

கேள்வி: தெர்மாகோல் அச்சுக்குள் கான்கிரீட் ஊற்றி, அச்சையும் சுவரோடு விட்டுவிடும் ஐ.சி.எஃப். (Insulated Concrete Forms) முறையைப் பொறியாளர் சொல்கிறார். பலமாக இருக்குமா? கூடுதல் செலவுக்குத் தகுமா?

பதில் 1: பலம் தெர்மாகோலில் இல்லை, நடுவில் கம்பி கட்டி ஊற்றும் கான்கிரீட்டில், பெரும்பாலும் 15 செ.மீ. கனம். நான் அப்படிப்பட்ட வீட்டில்தான் இருக்கிறேன். மதிய வெயில் நேராக அடிக்கும் சுவரில்கூட உள்பக்கம் கை வைத்தால் சூடு தெரியாது. ஏசி குறைவாகத்தான் ஓடுகிறது. ஜன்னலைச் சாத்தினால் தெருச் சத்தம் அடங்கிவிடும், எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். செலவு கூடும், ஆனாலும் தகும் என்பேன்.

பதில் 2: தளத்தில் வேலை பார்ப்பவன் நான். கான்கிரீட்டை ஒரே மூச்சில் மேல்வரை கொட்ட விடாதீர்கள். சுமார் 4 அடி உயரத்துக்கு ஒரு சுற்றாக ஊற்ற வேண்டும். இல்லையென்றால் அச்சு பிதுங்கிவிடும். வைப்ரேட்டர் (கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் கருவி) சரியாகப் போடாவிட்டால் ஜன்னலுக்குக் கீழே பொந்து விழும், வெளியே தெரியவே தெரியாது.

கேட்டவர்: சரி, கரையான்?

பதில் 1: தெர்மாகோலைத் தின்னாது, ஆனால் துளைத்துக்கொண்டு மேலே ஏறும். மண்ணை ஒட்டிய இடத்தில் தடுப்பு கட்டாயம். அப்புறம், உள்பக்கம் ஜிப்சம் போர்டு அடித்து மூடுங்கள், தீப்பிடித்தால் அதுதான் காப்பு. காற்றுப் புகாத சுவர் என்பதால் காற்றோட்டத்துக்கும் தனியாக வழி செய்யச் சொல்லுங்கள்.