ரிப்போர்ட்டில் எழுதினேன், போனில் சொல்லவில்லை

இருட்டறைவாசி:
இன்னும் உறுத்துகிறது, அதனால் எழுதுகிறேன். ரேடியாலஜி (ஸ்கேன் படங்களைப் படித்துச் சொல்லும் துறை) முதுநிலை இரண்டாம் ஆண்டு, இரவுப் பணி. வயிற்று வலிக்கு எடுத்த சி.டி.யின் மேல் ஓரத்துப் படங்களில், நுரையீரல் தமனிக்குள் ரத்த உறைவு. ரிப்போர்ட்டின் நான்காவது வரியில் எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். காலையில் வார்டுக்குப் போனால், நோயாளியின் மனைவி ஸ்கேன் உறையால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார். உள்ளே என் ரிப்போர்ட், மடிப்புக்கூடக் கலையாமல். ரத்த உறைவுக்கான மருந்து ஹெப்பாரின் அதற்குப் பிறகுதான் ஏறியது. ஆள் பிழைத்துக்கொண்டார்.

வார்டுக்காரன்:
போன் செய்தால் எடுப்பது யார்? ஒருமுறை மூன்று தடவை அடித்தேன்; நான்காவது தடவை எடுத்தவர் துப்புரவுப் பணியாளர். படியேறிப் போய்ச் சொன்னேன். இப்போது யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னேன் என்பதையும் ரிப்போர்ட்டிலேயே எழுதுகிறேன். தப்பு முழுக்க உங்களுடையது இல்லை.

பழைய ரெசிடென்ட்:
வார்டுக்காரன், படியேறியது உங்கள் நல்ல குணம். நீங்கள் லீவு போட்டால்? ரிப்போர்ட் வார்டுக்குப் போய்ச் சேரும் இந்தத் தாமதத்தையே ஆய்வேடாக எடுக்கிறேன் என்றேன். "இது ரேடியாலஜியா, கணக்கப்பிள்ளை வேலையா?" என்றார் வழிகாட்டி. கடைசியில் ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் ஆய்வேட்டை முடித்தேன்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இதற்கு ஒரு நோட்டுப் போதும். ஸ்கேன் முடிந்த நேரம், ரிப்போர்ட் கையெழுத்தான நேரம், வார்டில் ஒருவர் அதைப் படித்த நேரம், மூன்றையும் குறியுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதியை முதலிலேயே வாங்கிவிடுங்கள். சராசரி போடாதீர்கள், இரண்டு நாள் கிடந்த ஒரே ரிப்போர்ட் மொத்தத்தையும் இழுத்துவிடும். இடைநிலை அளவு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண், போடுங்கள். முதுநிலைப் படிப்பில் மாவட்ட மருத்துவமனையில் கழிக்கும் 3 மாதத்தையும் வீணாக்காதீர்கள். அங்கே முதுகு வலிக்கு எம்.ஆர்.ஐ. கேட்டு வரும் சீட்டுகளில், வலி எத்தனை வாரமாக என்று எழுதியிருக்கிறதா என்று எண்ணுங்கள். ஆபத்து அறிகுறி இல்லாவிட்டால் முதல் 6 வாரம் பொதுவாகப் படமே தேவையில்லை என்கிறது அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியின் வழிகாட்டுதல்.

முதலாண்டு:
எனக்கு வினை வாயால் வந்தது. கர்ப்பிணி ஸ்கேன், பக்கத்தில் மாமியார். "கால் நீட்டிப் படுத்திருக்கிறான்" என்று சொல்லிவிட்டேன். ஆணா பெண்ணா என்று பார்க்கக்கூட இல்லை, நாக்கில் வந்த விகுதி அது. மாமியாரின் முகம் மலர்ந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. கருவின் பாலினத்தைச் சொல்லாலோ சைகையாலோ தெரிவிக்கக் கூடாது என்கிறது 1994 சட்டம். பேராசிரியை என் கையிலிருந்து வயிற்றில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் புரோபை வாங்கிக்கொண்டு, "இவருக்கு எல்லாக் குழந்தையும் அவன்தான் அம்மா" என்றார். மாமியார் நம்பவில்லை. போகும்போது என் கையில் ஒரு சாக்லேட் வைத்துவிட்டுப் போனார்.