புதுப்பிப்பு: உருளைப் பரப்பில் லேசர் அளவீடு, பிழை எங்கே இருந்தது?

40 மி.மீ. விட்டமுள்ள எஃகு ஷாஃப்டை (உருளைத் தண்டை) லேசர் சென்சாரால் அளக்கும்போது மைக்ரோமீட்டர் கருவி காட்டும் அளவிலிருந்து ஏறத்தாழ 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விலகல் வருகிறது என்றும், சென்சாரையே மாற்ற வேண்டியிருக்குமோ என்றும் சென்ற மாதம் இந்த இழையில் கேட்டிருந்தேன். மாற்றத் தேவைப்படவில்லை, கோளாறு பெரும்பாலும் நான் அதைப் பொருத்திய விதத்தில்தான் இருந்தது.

ஒளிக்கற்றை ஷாஃப்டின் உச்சிக்கோட்டில், அதாவது சென்சாருக்கு மிக அருகில் வரும் கோட்டில், விழவில்லை. 20 மி.மீ. ஆரத்தில் கற்றை 1 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தாலே பரப்பு 25 மைக்ரான் தாழ்ந்துவிடுகிறது; நகர்வு பாதியானால் பிழை கால்பங்காகி 6 மைக்ரான் அளவுக்கு இறங்குகிறது. ஆகவே கண்ணால் நடுவை மதிப்பிடுவதை விட்டுவிட்டு, சென்சாரைக் குறுக்காக 0.1 மி.மீ. வீதம் நகர்த்தி, கிடைத்த புள்ளிகளுக்கு ஒரு பரவளையத்தைப் பொருத்தி உச்சியைக் கண்டறிந்தேன்.

அதைவிட முக்கியமானது சென்சாரின் திசை. முக்கோண முறையில் (பரப்பில் விழும் லேசர் புள்ளியைச் சாய்கோணத்தில் பார்த்து, அது ஏற்பியில் விழும் இடத்தைக் கொண்டு தூரத்தைக் கணிக்கும் முறை) இயங்கும் இவ்வகைச் சென்சாரில், லேசரும் ஒளியேற்பியும் அமையும் தளம் ஷாஃப்டின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்காக இருந்தால், வளைவின் சரிவு திரும்பிவரும் ஒளியை ஒருபக்கமாகச் சாய்த்து, ஏற்பியில் விழும் புள்ளியின் மையத்தையே இடம்பெயர்த்துவிடும். நான் வைத்திருந்தது குறுக்காகத்தான். தாங்கியை 90 பாகை திருப்பியதும் எண்களின் அலைச்சல் அடங்கியது.

பரப்பின் பளபளப்பைக் குறைக்க வெள்ளைப் பொடி ஸ்பிரே அடிக்கச் சொன்ன நண்பருக்கு நன்றி. ஆனால் அந்தப் படலத்துக்கும் ஒரு தடிமன் உண்டு என்பதால் தவிர்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தபின் அளப்பது (இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது) கட்டாயம். இப்போது விலகல் 5 மைக்ரானுக்குள் நிற்கிறது; கண்ணாடிபோல் மெருகேற்றிய துண்டுகளில் மட்டும் அளவு இன்னும் தாவுவதால், அவற்றைப் பழையபடி மைக்ரோமீட்டரிலேயே அளக்கிறேன்.