போன் காட்டி ஊட்டலாமா, பசிக்கட்டும்னு விடலாமா?

கவின்அம்மா (கோவை):
பையனுக்கு ஒரு வயசு எட்டு மாசம் ஆச்சுங்க. பொறக்கும்போது 2.7 கிலோ, முதல் பொறந்தநாளுக்கு 8.8, போன வாரம் ஊசி போடப் போனப்ப 10.2. சாப்பாடுன்னா வாயை இறுக்கி மூடிக்கறான். ரசஞ்சாதம், தயிர்சாதம் ரெண்டும்தான் இறங்குது, அதுவும் போன்ல பாட்டு ஓடினாத்தான். பருப்பு, காய், முட்டை எதைக் காட்டினாலும் தலையைத் திருப்பிக்கறான். ஒரு கிண்ணம் சோறு ஊட்ட ஒரு மணி நேரம், வீடு பூரா பருக்கை. எப்படியோ வயித்துக்குள்ள போனாச் சரிங்கறாங்க மாமியார். ரெண்டு நாள் ஊட்டாம விடு, பசிச்சா தானா வருவான்ங்கறாரு வீட்டுக்காரரு. நாலு பாட்டில் பாலும் பிஸ்கட்டும் ஓடிட்டிருக்கு, அதனால பட்டினின்னு சொல்ல முடியாது. நீங்கெல்லாம் எப்படிச் சமாளிக்கறீங்க?

ரெண்டுபொண்ணுஅப்பா:
உங்க வீட்டுக்காரர் கட்சிதான் நானும். ஆனா பட்டினி போடச் சொல்ல மாட்டேன். எல்லின் சாட்டர்னு ஒரு அமெரிக்க உணவியல் நிபுணர் 1980கள்ல ஒரு கணக்கு சொன்னாங்க. என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு, எங்க உக்காந்து, இது மூணும் பெத்தவங்க பொறுப்பு. சாப்பிடறதா வேண்டாமா, எவ்வளவு, இது பிள்ளை பொறுப்பு. நம்ம வீடுகள்ல அப்படியே தலைகீழ். பிள்ளை கேட்டது பிஸ்கட்டுன்னா பிஸ்கட் கொடுக்கறோம், எவ்வளவு திங்கணும்னு மட்டும் நாம முடிவு பண்றோம்.

அப்புறம் எடை. முதல் வருஷத்துல 6.1 கிலோ ஏறியிருக்கான், அடுத்த எட்டு மாசத்துல 1.4. இது குறையே இல்லைங்க. ஒரு வயசுல பொறந்த எடையைப் போல மூணு மடங்கு ஆகறது வழக்கம், ரெண்டாவது வருஷம் முழுக்க ரெண்டு, ரெண்டரை கிலோ ஏறினாலே போதும். வளர்ற வேகம் இறங்கினா பசியும் இறங்கும். முன்னாடி தின்ன அதே கிண்ணத்தை இப்பவும் காலி பண்ணணும்னு எதிர்பார்க்கறோம், அங்கதான் சண்டையே ஆரம்பிக்குது.

தாமிரபரணிக்கரை:
தம்பி, வெள்ளைக்காரி சொன்ன கணக்கு அவ ஊருக்குச் சரியா இருக்கும். நான் நாலு பேரப்புள்ளைகளுக்கு ஊட்டி வளத்தவ. சோத்தைக் குழையப் பிசைஞ்சு, பருப்புல நெய் விட்டு, சின்னச் சின்ன உருண்டையா உருட்டி, வாசப்படியில உக்கார வச்சு கோழியைக் காட்டி ஊட்டுவோம். ரெண்டு வயசுப் புள்ளைக்கு முன்னால தட்டை வச்சுட்டு ‘உன் பொறுப்பு’ன்னு எந்திரிச்சுப் போனா அதுக்கு என்ன தெரியும்? போன் காட்டுதது தப்புதான், ஒத்துக்கிடுதேன். ஊட்டுததே தப்புன்னு யாரும் சொல்லாதீக.

ரெண்டுபொண்ணுஅப்பா:
அம்மா, போனும் பராக்குதான், கோழியும் பராக்குதான். ரெண்டுலயும் பிள்ளை தான் திங்கறதைக் கவனிக்கறதில்லையே?

தாமிரபரணிக்கரை:
கோழி ஓடிப் போயிரும்யா. போனதும் புள்ள சோத்தைப் பாக்கும், என் மூஞ்சியப் பாக்கும், ‘இன்னொரு வாய்’னு கேக்கும், இல்ல போதும்னு கையத் தட்டிவிடும். போன் எங்க ஓடும்?

ஷிப்ட்அம்மா (ஒரகடம்):
இங்க பேசறவங்க யாரும் காலை 6.20க்கு கம்பெனி பஸ் பிடிக்கறவங்க இல்லைன்னு தெரியுது. எனக்கு வாசப்படியும் கிடையாது, கோழியும் கிடையாது. மூணாவது மாடி, ஒத்தை ரூம். அஞ்சரைக்கு எழுப்பி, போன்ல ரைம்ஸ் போட்டு, ரெண்டு இட்லி உள்ள தள்ளிட்டு ஓடறேன். மூஞ்சியைப் பார்த்து ஊட்டற நேரம் எனக்கு ஞாயித்துக்கிழமைதான் வாய்க்கும். ரெண்டு வயசு வரைக்கும் திரையே வேண்டாம்னு எல்லாரும் சொல்றாங்க, உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். அதைச் சொன்னவங்க யாரும் என் பிள்ளையைப் பார்த்துக்க வரல. வெறும் வயித்தோட கிரஷ்ல விடறதுக்குப் போன் மேல்னு நினைக்கறேன். இதுக்கு யாரும் என்னை மோசமான அம்மான்னு சொல்லிட வேண்டாம்.

வாதாடி:
யாரும் சொல்லலையே. ஆனா ஒண்ணு கேக்கறேன். காலை அஞ்சரைக்கு உங்களுக்கே பசிக்குமா? அந்த நேரத்துல ரெண்டு இட்லி எதுக்கு? கொஞ்சம் பால் கொடுத்துட்டு, இட்லியை டப்பாவுல போட்டு கிரஷ்லயே எட்டு மணிக்குக் கொடுக்கச் சொல்லலாமே.

ஷிப்ட்அம்மா:
கிரஷ்ல பன்னெண்டு பிள்ளைக்கு ஒரு ஆயா. அவங்க ஊட்டறது எப்படின்னு ஒரு நாள் சீக்கிரம் வந்தப்ப பார்த்தேன். அழற பிள்ளை வாயில அடுத்த வாயைத் திணிக்கறாங்க. போன் பரவாயில்லை.

அங்கன்வாடிஅக்கா (தருமபுரி மாவட்டம்):
அழும்போது திணிக்கறது ரொம்ப ஆபத்துங்க, அதை முதல்ல சொல்லிடறேன். அழும்போது மூச்சை இழுக்கும், சோறு மூச்சுக்குழாய்க்குப் போயிடும். புரையேறி முகம் நீலமாகிப் போன குழந்தையை நான் பார்த்திருக்கேன். மூக்கைப் பிடிச்சு சங்கடையில, அதாவது பாலாடையில, ஊத்தறதும் அப்படித்தான், மருந்தா இருந்தாலும் செய்யாதீங்க. முழு வேர்க்கடலையும் வேண்டாம்.

கவின் எடையை எங்க வளர்ச்சி அட்டையில வச்சுப் பார்த்தேன். பச்சைக் கோட்டுக்குள்ளதான் இருக்கான். மஞ்சளுக்கோ ஆரஞ்சுக்கோ இறங்கினாத்தான் நாங்க வீட்டுக்கு நடப்போம். ஒரு தடவை பார்க்கற எடையை வச்சு எதுவும் சொல்ல முடியாது, கோடு எந்தப் பக்கம் போகுதுங்கறதுதான் முக்கியம். அவன் கோடு மேலதான் போகுது.

இன்னொண்ணு. ‘எங்க புள்ள வீட்டுல ஒண்ணுமே திங்காது’ன்னு சொல்லிக் கொண்டுவந்து விடற பிள்ளைங்கதான் மத்தியானம் கலவை சாதத்தை முதல்ல காலி பண்ணும். மந்திரம் ஒண்ணும் இல்லை. வரிசையா உக்கார்றாங்க, பக்கத்துப் பிள்ளை முட்டையைப் பிச்சுத் திங்கறதைப் பார்க்கறாங்க, முன்னாடி நின்னு கெஞ்ச ஆள் இல்லை. பெத்தவங்க வாசல்ல நின்னு எட்டிப் பார்த்தா அதே பிள்ளை தட்டைத் தள்ளிவிடும்.

ரெண்டுபொண்ணுஅப்பா:
இதைத்தான் நானும் சொன்னேன்! கிளாரா டேவிஸ்னு ஒரு டாக்டர் அமெரிக்காவுல 1920கள்ல ஒரு சோதனை பண்ணாங்க. அப்பத்தான் பால் மறந்த 15 குழந்தைங்களை வச்சு, தினமும் பலவகைச் சாப்பாட்டை முன்னாடி வச்சு, எதை வேணும்னாலும் எடுத்துக்கட்டும்னு விட்டாங்க. ஒருத்தரும் ஊட்டிவிடலை, இதைத் தின்னுன்னு சொல்லலை. குழந்தைங்க ஒரு நாள் முட்டையாத் தின்னாங்க, இன்னொரு நாள் வேற ஏதோ. மொத்தமாப் பார்த்தா எல்லாரும் நல்லா வளர்ந்தாங்க. ரிக்கெட்ஸோட, அதாவது எலும்பு வலுவில்லாம வளையற நோயோட வந்த ஒரு குழந்தை தானாவே மீன் ஈரல் எண்ணெயைக் குடிச்சு, குணமானதும் அதைத் தொடறதை விட்டுடுச்சு. குழந்தை உடம்புக்கு எல்லாம் தெரியும்.

வாதாடி:
பாதியைச் சொல்லிட்டு நிறுத்திட்டீங்களே. அந்த மேசையில வச்சது என்ன? இறைச்சி, முட்டை, பால், தானியம், பழம், காய். சர்க்கரை கிடையாது, உப்புக்கூட சோத்துல சேர்க்காம தனியாத்தான் வச்சாங்க. பிஸ்கட் கிடையாது, சிப்ஸ் கிடையாது, சாக்லேட் பவுடர் கிடையாது. எதை எடுத்தாலும் நல்லதுன்னு ஒரு மேசையைப் போட்டா எந்தக் குழந்தையும் சரியாத்தான் எடுக்கும். நம்ம வீட்டு அலமாரியில கிரீம் பிஸ்கட்டை வச்சுட்டு ‘குழந்தை உடம்புக்குத் தெரியும்’னா சும்மா இருங்க. அந்த டாக்டரே தந்திரம் உணவுப் பட்டியல்லதான் இருக்குன்னு சொன்னவங்க.

சிறகு:
எல்லாரும் ‘பசிச்சா திங்கும்’, ‘பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் திங்கும்’னு பேசறதைப் படிச்சுட்டு பேசாம போக முடியல. என் மகளுக்கு ஆட்டிசம். பசிச்சாலும் திங்க மாட்டா. வெள்ளையா, மொறுமொறுன்னு இருக்கறது மட்டும்தான். தோசையோட ஓரம் சரி, நடுவுல மெத்துன்னு இருக்கற பாகம் உதட்டுல பட்டா குமட்டும். குழம்பு ஒரு சொட்டு விழுந்த சோத்தைப் பார்த்தாலே எந்திரிச்சு ஓடுவா. சொந்தக்காரங்க பேச்சைக் கேட்டு ஒரு முறை பட்டினி போட்டோம். தண்ணியும் குடிக்காம வாடிப் போயி டிரிப்ஸ் ஏத்தற நிலைமைக்கு வந்தா.

இதுக்குன்னு ARFIDனு தனிப் பேர் இருக்கு, 2013ல அமெரிக்க மனநல மருத்துவர்களோட கையேட்டுல சேர்த்தாங்க. செல்லம் கொடுத்துக் கெடுத்ததுன்னு இதைச் சொல்லக் கூடாது. எடை இறங்கினா, திங்கற பொருள் மாசத்துக்கு மாசம் குறைஞ்சுட்டே போனா, மெல்லும்போதும் விழுங்கும்போதும் திணறினா, தயவுசெய்து இங்க கேட்டுட்டு இருக்காதீங்க, டாக்டர்கிட்ட போங்க. ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகளைப் பழக்கற சிகிச்சை, எங்களுக்கு உதவுச்சு. மெதுவாத்தான்.

ரெண்டுபொண்ணுஅப்பா:
சிறகு, நான் பேசினது சாதாரணமா அடம் பிடிக்கற பிள்ளைங்களைப் பத்தி. உங்க மகளுக்கு அது பொருந்தாது.

சிறகு:
எது சாதாரண அடம்னு வெளியில இருந்து பார்த்து எப்படித் தெரியும்? எங்களுக்கும் ரெண்டு வருஷம் ‘சாதாரண அடம்’னுதான் சொன்னாங்க.

யாழ்ப்பாணத்தாள்:
எங்கட வீட்டிலையும் உதே கதைதான். அம்மம்மா தீத்தித் தீத்திப் பழக்கிப்போட்டா, மூத்தவன் பள்ளிக்கூடம் போற வயசிலையும் தானாச் சாப்பிடான். சின்னவளுக்கு மிட்வைஃப் வந்து சொன்ன மாதிரிச் செய்யிறம். அவளுக்கெண்டு ஒரு சின்னக் கோப்பை, நாங்கள் சாப்பிடேக்க பக்கத்தில இருத்திறது, புட்டும் மீனும் கொஞ்சமா வைக்கிறது. முள்ளு மட்டும் நான் எடுத்துக் குடுப்பன். பாதி நிலத்திலதான் கிடக்கும். கூட்டி அள்ளுறதுதான், வேற என்ன? அம்மம்மா இண்டைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருக்கிறா.

மருந்துக்கடைமாமா:
கடையில உக்காந்து தினம் பார்க்கறதைச் சொல்றேன். ‘பசி டானிக் குடுங்க’ன்னு சீட்டு இல்லாம வர்ற அம்மாக்கள்தான் அதிகம். அதுல பாதிக்குள்ள இருக்கறது சைப்ரோஹெப்டடின். அது அலர்ஜி மருந்து, பசி கூடறது அதோட பக்க விளைவு. தூக்கமும் சேர்ந்து வரும். நிறுத்தினா பசி பழையபடிதான். டாக்டர் எழுதாம வாங்காதீங்க. குடற்புழு மாத்திரை அரசாங்கமே சும்மா கொடுக்குது, அதை விட்டுட்டு டானிக்குக்குக் காசு போடறாங்க. பால்ல கலக்கற பவுடரும் அப்படித்தான். ‘ஹெல்த் டிரிங்க்’ங்கற தலைப்புக்குக் கீழ அதையெல்லாம் விக்காதீங்கன்னு 2024 ஏப்ரல்ல மத்திய அரசே ஆன்லைன் கடைகளுக்குச் சொல்லிடுச்சு.

அங்கன்வாடிஅக்கா:
எல்லாரும் ஊட்டறதையும் போனையும் பேசிட்டு இருக்கீங்க. முதல் பதிவுல ‘நாலு பாட்டில் பால்’னு இருக்கு. யாரும் அதைத் தொடலையே? கவின்அம்மா, ஒரு பாட்டில் எவ்வளவு?

கவின்அம்மா:
200 மில்லிங்க. காலையில எழுந்ததும், பதினொரு மணிக்கு, சாயங்காலம், ராத்திரி படுக்கறப்ப. கறந்த பால், தண்ணி கலக்கறதில்லை. ரெண்டு ஸ்பூன் சர்க்கரை.

அங்கன்வாடிஅக்கா:
அப்ப 800 மில்லி. கறந்த பாலும் சர்க்கரையும் சேர்ந்தா 500 கலோரிக்கு மேல வரும். அவன் வயசுக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் சுமாராத் தேவை. பாதிச் சாப்பாட்டைப் பாட்டில்லயே முடிச்சுட்டு வர்றவன் பருப்பு சாதத்தைப் பார்த்து ஏன் வாயைத் திறக்கணும்? பதினொரு மணிக்குப் பால் குடிச்ச பிள்ளைக்கு பன்னெண்டரைக்குப் பசிக்காது.

வயிறு நிறையறது மட்டும் பிரச்னை இல்லைங்க. மாட்டுப்பால்ல இரும்புச்சத்து இல்லைன்னே சொல்லலாம், மத்த சாப்பாட்டுல இருக்கற இரும்பு உடம்புல சேர்றதையும் அது தடுக்கும். நாள் ஒண்ணுக்கு அரை லிட்டரைத் தாண்டவே கூடாது. இரத்தசோகை வந்த பிள்ளைக்குப் பசி மந்தமாகும், பசி மந்தமானா திரும்பவும் பால்தான். இந்தியாவுல ஆறு மாசத்துலேர்ந்து அஞ்சு வயசுக்குள்ள 67.1 சதவீதப் பிள்ளைகளுக்கு இரத்தசோகைன்னு 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லுது. கண் கீழ்இமையை இழுத்துப் பாருங்க, வெளுத்திருந்தா ஒரு ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுத்துடுங்க. வாரம் ரெண்டு தடவை 1 மில்லி இரும்புச்சத்து சிரப் அரசுத் திட்டத்துல இருக்கு, உங்க பகுதி சுகாதார செவிலியரைக் கேளுங்க.

தாமிரபரணிக்கரை:
இது நியாயமான பேச்சு. வாரம் ஒருக்கா ஆட்டு ஈரலோ, சுவரொட்டிங்கற மண்ணீரலோ வதக்கி, மைய நசுக்கி ரசஞ்சோத்துல ஒளிச்சுக் குடு தாயி. அவனுக்குத்தான் ரசஞ்சோறு புடிக்குமே.

வாதாடி:
ஒளிச்சுக் கொடுக்கறதுல எனக்கு உடன்பாடு இல்லை. கண்டுபிடிச்சான்னா ரசஞ்சோத்தையும் விட்டுடுவான். தட்டு ஓரத்துல ஒரு துண்டு வையுங்க, பேசாதீங்க. புதுச் சாப்பாட்டை ஒரு பிள்ளை ஏத்துக்க பத்து, பதினஞ்சு தடவைகூட ஆகும். நாம மூணாவது தடவையே ‘இவனுக்கு இது பிடிக்காது’ன்னு ஊருக்கே சொல்லிடறோம்.

தாமிரபரணிக்கரை:
பதினஞ்சு தடவை ஈரல் வாங்கிக் குப்பையில போட உங்க வீட்டுல காசு இருக்கு போல.

ஷிப்ட்அம்மா:
இதுக்கு மட்டும் அம்மா கட்சி நான்.

வாதாடி:
ஓரத்துல வைக்கறது சுண்டைக்காய் அளவுதான். அவன் தின்னலைன்னா நீங்க தின்னுட்டுப் போங்க.

கவின்அம்மா:
எல்லாத்தையும் படிச்சேங்க, நன்றி. டெஸ்ட் எடுக்கறோம். ஆனா பாலைக் குறைக்கலாம்னு வாயெடுத்தாலே ‘கொழந்தை இளைச்சுப் போயிடுவான், உங்கம்மா வீட்டுல அப்படித்தானா’ன்னு மாமியார் ஆரம்பிச்சுடுவாங்க. பகல் பூரா அவங்ககிட்டதான் இருக்கான், நான் ஆபீஸ் போயிடறேன்.

ரெண்டுபொண்ணுஅப்பா:
உங்க வீட்டுக்காரரைப் பேசச் சொல்லுங்க. அவர் அம்மாதானே? ‘ஊட்டாம விடு’ன்னு உங்களுக்கு யோசனை சொல்றவர் அதை அங்க சொல்லட்டும்.

தாமிரபரணிக்கரை:
அவன் பேசினா ‘பொண்டாட்டி சொல்லிக் குடுத்தா’ம்பாங்க. நான் மாமியார், எனக்குத் தெரியும். குறைங்கன்னு சொல்லாத. ‘அத்தை, பாட்டில்ல குடிச்சு பல்லு சொத்தையாகுதாம், இனி டம்ளர்ல ஆத்திக் குடுங்க’ன்னு சொல்லு. சக்கரை போட்ட பாலை வாயில வச்சுட்டே தூங்குனா சொத்தை வரத்தான் செய்யும், பொய் ஒண்ணும் இல்ல. டம்ளர்ல குடிக்கற புள்ள பாதிக்கு மேல குடிக்காது. முதல்ல பதினோரு மணிப் பாலை எடுத்துட்டு அந்த நேரத்துல ஒரு வாழைப்பழத்தைக் கையில குடுக்கச் சொல்லு. மத்தியானச் சோறு அவ கையால இறங்கட்டும். அப்புறம் பாரு, பால் வேண்டாம்னு அவளே உனக்குச் சொல்லுவா.

ரெண்டுபொண்ணுஅப்பா:
இதை ஒத்துக்கறேன். ஊட்டறதை ஒத்துக்கலை.

தாமிரபரணிக்கரை:
உன்னை யாரு கேட்டா?