தோணி வீட்டு உறவுகள் – சனிக்கிழமை ராத்திரி

செல்வி, 8:12
எங்க பத்தாம் வகுப்புப் பிள்ளைங்க 12 பேர் இன்னைக்குச் சென்னைத் துறைமுகத்துக்குள்ள பாய்ப்படகு ஓட்டிட்டாங்க! வீட்டுக்கு வந்து மூணு மணி நேரம் ஆச்சு, எனக்கு இன்னும் சந்தோஷம் அடங்கல.

ஜெபா, 8:14
கடல்லயா செல்வி? பொம்பளப் பிள்ளைங்களுமா?

செல்வி, 8:16
7 பேர் பொண்ணுங்கதான் மதினி. அலைதடுப்புச் சுவரைத் தாண்டல. ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், பின்னாலயே மோட்டார் படகு. நேத்ரா குமணனும் நம்ம சென்னைப் பொண்ணுதானே? பாய்மரப் படகுல ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பொண்ணு. 2021ல டோக்கியோ போனாங்க.

அன்பு, 8:17
ஆப்டிமிஸ்ட் படகா அத்தை?

செல்வி, 8:21
அதேதான். 2.3 மீட்டர் நீளம், ஒரே பாய். 1947ல அமெரிக்காவுல பிள்ளைங்களுக்குன்னே வடிவமைச்சது.

கேளுங்க. திருப்புத்திறன் பாடத்துக்கு, அதான் விசையைத் தூரத்தால பெருக்குற பாடத்துக்கு, வருஷா வருஷம் கதவு, ஸ்பேனர்னு போர்டுல படம் போடுவேன். எழுதிக்குவாங்க, மார்க்கும் வாங்குவாங்க. இன்னைக்குத் திடீர்னு ஒரு காத்து அடிச்சுது. ஒரு பொண்ணோட படகு ஒரு பக்கமா சாயுது, விளிம்புல தண்ணி ஏறப் போகுது. பயிற்சியாளர் குரல் கொடுத்ததும் அவ படகுக்குள்ள இருக்குற பட்டையில காலை மாட்டிட்டு, முதுகு தண்ணியத் தொடுற அளவுக்கு வெளிய சாஞ்சா. படகு நிமிர்ந்துருச்சு.

கரைக்கு வந்து அவளாவே சொல்றா: "மிஸ், என் எடை அப்படியேதான் இருந்துச்சு. தூரத்தத்தான் கூட்டினேன்."

வகுப்புல எப்பவும் வாயே திறக்காத பிள்ளை.

அன்பு, 8:23
செம அத்தை! 40 கிலோன்னு வச்சா எடை 400 நியூட்டன். அரை மீட்டர்ல உக்காந்தா 200, 80 சென்டிமீட்டருக்குச் சாஞ்சா 320 நியூட்டன் மீட்டர்.

செல்வி, 8:24
மண்ணுல குச்சியால இதே கணக்கத்தான் போட்டா!

ரோஸி, 8:26
அத்தை, எனக்கு இப்ப பாய்மங்கள் பாடம். ஆர்க்கிமிடிஸுக்கும் ஏதாவது சொல்லுங்க.

செல்வி, 8:29
படகு 35 கிலோ, பிள்ளை 40 கிலோ, ஆக 75. குளத்துல மிதந்தா அதே எடையுள்ள 75 லிட்டர் தண்ணியத் தள்ளும். கடல்தண்ணி லிட்டருக்கு ஏறக்குறைய 1.025 கிலோ இருக்கும், அதனால 73 லிட்டரே போதும். படகு கொஞ்சம் மேல நிக்கும்.

ரோஸி, 8:33
தாத்தா பக்கத்துல இருக்காங்க. அவங்க சொல்றத டைப் பண்றேன்.
"ஆத்து முகத்துல தோணி கொஞ்சம் இறங்கும், அது எங்களுக்குத் தெரியும். சரக்கு இல்லாம கொழும்புல இருந்து திரும்புனா அடியில மணல் ஏத்துவோம். இல்லன்னா தோணி புரண்டுரும். உன் படகுல மணல் எங்க செல்வி?"

செல்வி, 8:35
பிள்ளைங்கதான் மணல் அப்பா. காத்துக்குத் தக்கபடி இடம் மாறி உக்காருற மணல்.

அன்பு, 8:36
எதிர்க்காத்துல போனாங்களா?

ரோஸி, 8:38
தாத்தா: "எதிர்க்காத்துக்கு நேரா எந்தத் தோணியும் போகாது. குறுக்க சாய்ச்சுப் பிடிச்சு, பாயை மாத்தி மாத்தித்தான் போவணும்."

செல்வி, 8:43
அதையேதான் செஞ்சாங்க அப்பா, காத்து வர்ற திசைக்கு 45 டிகிரி சாய்வுல. படகு நடுவுல ஒரு பலகை செருகியிருக்கும். அதை உருவிட்டு ஓட்டச் சொன்னேன். நண்டு மாதிரி பக்கவாட்டுலயே போகுது! திரும்பச் செருகினதும் முன்னால நகருது. காத்து பக்கவாட்டுலயும் தள்ளுது, அதைப் பலகை தடுக்குது, மிச்சம் இருக்குற விசை முன்னால கொண்டு போகுது. விசையப் பிரிச்சுக் காட்ட நான் எத்தனை அம்புக்குறி போட்டிருப்பேன்!

12 மணிக்கு மேல கடல்காத்து ஏறிச்சு. வேகம் ரெண்டு மடங்கானா பாயில விசை நாலு மடங்கு. எல்லாரையும் கரைக்கு வரச் சொல்லிட்டோம்.

ஜெபா, 8:45
அது நல்ல காரியம். லீவுக்கு ரோஸிய அனுப்பட்டுமா செல்வி?

ரோஸி, 8:45
அம்மா!!! ❤️

செல்வி, 8:46
தாராளமா அனுப்புங்க மதினி.

ரோஸி, 8:49
தாத்தா கேக்காங்க: "பாயை இழுத்துப் பிடிக்குற தாமான் கயித்தைக் கையில சுத்தக் கூடாதுன்னு பிள்ளைங்ககிட்ட சொன்னியா? கட்டவும் கூடாது. காத்து அடிச்சா உடனே விடணும்."

செல்வி, 8:51
முதல்ல அதைத்தான் சொல்லிக் கொடுத்தாங்க அப்பா. ஆனா நீங்க சொன்னா இன்னும் மனசுல நிக்கும். அடுத்த குழு 15 நாள்ல போகுது. வர்றீங்களா? டிக்கெட் போடவா?

ரோஸி, 8:52
தாத்தா: "முத்துநகர்ல போடு. கீழ் பெர்த்."