சிபிலிஸ் சிகிச்சைக்குப் பின்னும் டிபிஎச்ஏ பாசிட்டிவ்: நோய் தீரவில்லையா?

கேள்வி:
வணக்கம். என் உறவினருக்குச் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் உறுதியாகி, பென்சத்தீன் பெனிசிலின் ஊசி போட்டு ஓராண்டு ஆகிறது. அப்போது 1:32 ஆக இருந்த விடிஆர்எல் (சிபிலிஸுக்கான ஒரு ரத்தப் பரிசோதனை) அளவு இப்போது 1:4 ஆகக் குறைந்துள்ளது. டிபிஎச்ஏ என்ற மற்றொரு ரத்தப் பரிசோதனை மட்டும் இன்னும் பாசிட்டிவ். மீண்டும் ஊசி தேவையா?

மறுமொழி 1:
டிபிஎச்ஏ நோய்க்கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருளையே கண்டறிவதால், முழுமையாகக் குணமான பிறகும் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் பாசிட்டிவாகவே இருக்கும். ஆகவே அதைக் கொண்டு சிகிச்சையின் பலனை அளக்க முடியாது. அதற்கு உதவுவது விடிஆர்எல் அளவுதான். 1:32 என்றால், ரத்தநீரை 32 மடங்கு நீர்த்த பிறகும் வினை தெரிந்தது என்று பொருள். அது 1:8 அல்லது அதற்கும் கீழே, அதாவது நான்கு மடங்காவது, இறங்கினால் சிகிச்சை பலித்ததாகக் கொள்வார்கள். உங்கள் உறவினருக்கு எட்டு மடங்கு குறைந்திருப்பது நல்ல செய்தி. மருத்துவரிடம் இரண்டு அறிக்கைகளையும் காட்டிவிடுங்கள்.

மறுமொழி 2:
ஆய்வகத்தில் பணிபுரிபவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். 1:16 என்பது 1:8 ஆவது போன்ற ஒருபடி மாற்றத்தைப் பொருட்படுத்த வேண்டாம். அது சோதனையின் இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கும். விடிஆர்எல் அளவை, அதே வகைச் சோதனையான ஆர்பிஆர் அளவோடு ஒப்பிடவும் கூடாது. ஒரே சோதனையை, இயன்றவரை ஒரே ஆய்வகத்தில் தொடருங்கள்.

மறுமொழி 3:
நோயைக் கண்டறியும்போது விடிஆர்எல் மட்டும் போதாது. கர்ப்பம், லூபஸ் (ஒரு தன்னெதிர்ப்பு நோய்), மலேரியா போன்றவற்றிலும் அது பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம் என்பதால்தான் டிபிஎச்ஏ கொண்டு உறுதிசெய்கிறார்கள். உங்கள் உறவினரின் துணைவரும் பரிசோதித்துக்கொண்டாரா?