புதுப்பிப்பு: மழைக்கு மட்டும் வந்த கிரவுண்ட் அலாரம் பிடிபட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: ஓசூர்ப் பக்கம் எங்கள் ஆலையின் சிறிய கேஸ் டர்பைனில், மழை பெய்தால் 125 வோல்ட் டிசி கிரவுண்ட் அலாரம் (கன்ட்ரோல் வயர் எங்கோ பூமிக்குக் கசிகிறது என்ற எச்சரிக்கை) வருகிறது, வெயில் ஏறினால் தானாகப் போய்விடுகிறது என்று. கன்ட்ரோல் பேனலின் எலக்ட்ரானிக் கார்டை மாற்றச் சொன்னவர்கள்தான் அதிகம். நல்லவேளை, மாற்றவில்லை.

அடுத்த மழையில் மீட்டரை வைத்தேன். பூமியோடு ஒப்பிட்டால் பிளஸ், மைனஸ் இரு பக்கமும் 125-இல் பாதி, 62 வோல்ட் போல இருக்க வேண்டும். பிளஸ்ஸில் 9, மைனஸில் 116. வோல்ட் குறைந்த பக்கம்தான் பூமிக்குக் கசியும்; சரி, கசிவு பிளஸ் பக்கம். டர்பைனை நிறுத்தியதும் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவினோம். ஐந்தாவதை உருவியதும் இரு பக்க வோல்ட்டும் சமமாயின. அந்த ஃபியூஸின் வயர் கொண்டுபோய் விட்டது கேஸ் வால்வு லிமிட் சுவிட்ச் (வால்வு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று சொல்லும் சுவிட்ச்) பெட்டியில். கேபிள் நுழையும் இடத்தை அடைக்கும் கிளாண்டு தளர்ந்து உள்ளே தண்ணீர், டெர்மினலில் பச்சைப் பூப்பு, போதாக்குறைக்கு எறும்புக் கூட்டம் வேறு.

துடைத்து, புது கிளாண்டு போட்டாயிற்று. நேற்று ராத்திரி கொட்டித் தீர்த்தது, அலாரம் வரவில்லை.