ஃபிசிக்ஸைத் தள்ளிப் போட்டதுல எட்டு செமஸ்டர் பிளானும் சாயுது, யாராவது பாத்துச் சொல்லுங்க

பள்ளத்தூர்_வளவு (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

அமெரிக்காவுல ஒரு ஸ்டேட் யூனிவர்சிட்டியில ஆர்க்கிடெக்சரல் ஸ்டடீஸ் படிக்கிறேன். நாலு வருஷ டிகிரி, மொத்தம் 120 கிரெடிட். முதல் வருஷம் முடிச்சு லீவுக்கு ஊருக்கு வந்திருக்கேன். 29 கிரெடிட் கையில இருக்கு. திண்ணையில உக்காந்தாத்தான் சிக்னல் வருது, அங்க உக்காந்து யூனிவர்சிட்டியோட ஆன்லைன் பிளானர்ல மிச்ச ஆறு செமஸ்டரையும் நிரப்பினேன். அஞ்சாவதுல இருந்து எல்லாமே சிவப்புக் கோடு, அதாவது இந்த வரிசையில எடுக்க முடியாதுங்குது.

காரணம் நான்தான். பன்னெண்டாவது ஃபிசிக்ஸ் என்னைப் படுத்தின பாடுக்கு, கண்ணுலயே படக்கூடாதுன்னு அதை அஞ்சாவது செமஸ்டருக்குத் தள்ளிட்டு, முதல் வருஷம் சினிமா ரசனைன்னு ஒரு பாடம் எடுத்தேன். என் பிளான் இப்படி:

3, 4: ஸ்டூடியோ (டிசைன் வகுப்பு) 6 கிரெடிட், மெட்டீரியல்ஸ், ஹிஸ்டரி, பொதுப் பாடங்கள்
5: ஸ்டூடியோ, ஃபிசிக்ஸ் (லேபோட 4)
6: ஐரோப்பாவுல ஒரு செமஸ்டர்
7, 8: ஸ்டூடியோ, ஸ்ட்ரக்சர்ஸ் 1, ஸ்ட்ரக்சர்ஸ் 2 (கட்டடம் பாரம் தாங்குற கணக்கு)

இன்னும் ரெண்டு சந்தேகம். ஒண்ணு, படிப்பு முடிஞ்சதும் காரைக்குடியில ஆபீஸ் போட்டுரலாம்னு அப்பச்சி சொல்றாக. நாலு வருஷ டிகிரியோட போர்டுல ஆர்க்கிடெக்ட்னு எழுதலாமா? ரெண்டாவது, எங்க வீட்டை அளந்து வரைஞ்சு அதை 3 கிரெடிட் தனி ஆய்வாக் காட்டலாம்னு ஒரு புரொபசர் சொல்லியிருக்காங்க. அளக்க ஆரம்பிச்சாச்சு. முற்றத்துல ரெண்டு மூலைவிட்டமும் அஞ்சு இஞ்சு வித்தியாசமா வருது. தம்பிதான் டேப்போட அந்த முனையைப் பிடிச்சான். அவன் தப்பா, வீடு தப்பா?

கண்டனூர்_கறார்

தங்கச்சி, தப்பா நினைச்சுக்காதீங்க. நாலு வருஷ டிகிரின்னாலே வேஸ்ட். நம்ம ஊர்ல பி.ஆர்க் அஞ்சு வருஷம், முடிச்சதும் ஆர்க்கிடெக்டா கவுன்சில்ல பதிஞ்சுக்கலாம். பேசாம நாட்டா நுழைவுத் தேர்வு எழுதி இங்கயே சேருங்க. அந்தக் காசுக்கு ரெண்டு வீடு கட்டலாம்.

மிச்சிகன்_குளிர்

கறார் அண்ணே, பாதி சரி, பாதி தப்பு. நான் அதே நாலு வருஷம் படிச்சு, மேல ரெண்டு வருஷம் எம்.ஆர்க் முடிச்சவ. அது வேஸ்ட் இல்ல, பாதி வழி. அங்க ஆர்க்கிடெக்சர் படிப்புக்கு அங்கீகாரம் தர்றது நாப் என்கிற அமைப்பு. அது பி.ஆர்க், எம்.ஆர்க், டி.ஆர்க் மூணுக்கு மட்டும்தான் தரும். நாலு வருஷ டிகிரி எவ்வளவு பெரிய யூனிவர்சிட்டியில வாங்கினதா இருந்தாலும் அந்தப் பட்டியல்ல வராது. எம்.ஆர்க்குக்கு நாப் கேக்கறது இளநிலையும் சேத்து 168 கிரெடிட். உங்க 120 போக 48 பாக்கி. ரெண்டு வருஷத்துல முடியுதுன்னு சொல்றது இந்தக் கணக்குலதான். வேற பாடம் படிச்சு வர்றவங்களுக்கு அதே எம்.ஆர்க் மூணு, மூணரை வருஷம் இழுக்கும். அதுக்கப்புறம் லைசென்ஸுக்கு 3,740 மணி நேர அனுபவமும் ஆறு பரீட்சையும் இருக்கு.

இப்ப பள்ளத்தூர், உன் சிவப்புக் கோடு. நீ செமஸ்டர் ஒண்ணுல இருந்து கீழ நிரப்பிக்கிட்டு வந்திருக்க. எட்டாவதுல இருந்து மேல வா. ஸ்ட்ரக்சர்ஸ் 2 எந்த செமஸ்டர்ல நடக்கும்? அதுக்கு முன்னாடி ஸ்ட்ரக்சர்ஸ் 1. அதுக்கு முன்னாடி கால்குலஸும் ஃபிசிக்ஸும். உன் டிபார்ட்மென்ட் கேட்டலாக்ல ரெண்டு விஷயம் பாரு: ஸ்ட்ரக்சர்ஸ் 1 வருஷத்துக்கு ஒரு தடவைதான் நடக்குதா? மூணாம் வருஷ ஸ்டூடியோவுக்கு அது கூடவே எடுக்க வேண்டிய பாடமா? ரெண்டுக்கும் ஆமான்னா உன் அஞ்சாவது ஏன் சிவக்குதுன்னு உனக்கே தெரிஞ்சிரும்.

பள்ளத்தூர்_வளவு

பாத்துட்டேன் அக்கா. ரெண்டுக்கும் ஆமாதான். ஸ்ட்ரக்சர்ஸ் 1 ஆகஸ்ட் செமஸ்டர்ல மட்டும், 2 ஜனவரியில மட்டும். கால்குலஸ் முடிச்சிட்டேன். அப்ப நான் இந்த மூணாவது செமஸ்டர்லயே ஃபிசிக்ஸ் எடுக்கணுமா? ஸ்டூடியோவோட சேத்தா?

மிச்சிகன்_குளிர்

ஆமா. ஸ்டூடியோ 6, ஃபிசிக்ஸ் 4, மெட்டீரியல்ஸ் 3, ஹிஸ்டரி 3. மொத்தம் 16. பொதுப் பாடம் எதையும் இந்தத் தடவை தொடாதே, அதெல்லாம் எப்ப வேணா வரும். இதுக்கப்புறம் அஞ்சு செமஸ்டர், ஒவ்வொண்ணுலயும் 15 போட்டா 75. 29, 16, 75 கூட்டிப் பாரு, 120 நேரா வருது.

நாலாவதுக்குத் தள்ளினாலும் சங்கிலி அறுந்துராது. ஆனா அப்ப ஃபிசிக்ஸ்ல வழுக்கினா அஞ்சாவதுல நிக்கிற ஸ்ட்ரக்சர்ஸும் ஸ்டூடியோவும் சேந்து விழும், அடுத்த ஆகஸ்ட் வரைக்கும் காத்திருக்கணும். இப்பவே எடுத்தா இன்னொரு வாய்ப்பு கையில இருக்கும்.

இன்னொண்ணு. நீ எஃப்-1 மாணவர் விசா. செமஸ்டருக்கு 12 கிரெடிட்டுக்குக் கீழ போகக் கூடாது. 16 போட்டிருந்தா, தாங்கலைன்னு ஸ்டூடியோ தவிர வேற ஒரு பாடத்தை விட்டாலும் 12க்குக் கீழ போகாது. ஆனா ஆறாவது வாரம் ரெண்டு பாடத்தைச் சேத்து விட்டுட்டு அப்புறமா இன்டர்நேஷனல் ஆபீஸுக்கு ஓடாதே. முதல்ல அங்க கேக்கணும், அப்புறம்தான் பாடத்தை விடணும். என் கூடப் படிச்ச ஒரு பையன் தலைகீழாச் செஞ்சு பட்ட அவஸ்தையைப் பாத்திருக்கேன்.

ஐரோப்பா விஷயம்: ஆறாவதுல ஸ்ட்ரக்சர்ஸ் 2 வந்து உக்காருது, அதனால போக முடியாது. ஏற்கெனவே வெளிநாட்டுலதானே இருக்க, இன்னும் எந்த வெளிநாடு? நிஜமாவே ஆசைன்னா கோடைக்கால டூர் ஸ்டூடியோ ஏதாவது இருக்கான்னு பாரு.

ஓட்டுக்கூரை

நடுவுல நுழையறேன். மதுரையில பி.ஆர்க் பாடம் எடுக்கிறேன். போர்டு கேள்விக்கு மட்டும் பதில்.

1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம், 37ஆவது பிரிவு. கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர்ல பதிவு இல்லாதவங்க ஆர்க்கிடெக்ட்ங்கிற பட்டத்தைப் போட்டுக்கக் கூடாது. 2020ல உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதுதான்: அந்தப் பிரிவு காக்கிறது பட்டத்தை, டிசைன் வேலையை அது தடுக்கல. வேலை செய்யலாம், பேருக்கு முன்னாடி ஆர்க்கிடெக்ட்னு போட முடியாது. இங்க படிப்பு குறைஞ்சது அஞ்சு வருஷம், பத்து செமஸ்டர், அதுல ஒரு செமஸ்டர் ஆபீஸ் பயிற்சி. உங்க நாலு வருஷத்தை மட்டும் வச்சுப் பதிய முடியாது. எம்.ஆர்க்கும் முடிச்சு ஊருக்கு வர்றதா இருந்தா, எம்.ஆர்க் சேர்றதுக்கு முன்னாடியே எந்த யூனிவர்சிட்டி, எந்த டிகிரின்னு குறிச்சுக் கவுன்சிலுக்கு எழுதிப் பதில் வாங்கி வச்சுக்கங்க. ஃபோன்ல யாராவது சொன்னதை நம்பாதீங்க. அப்பச்சிகிட்ட இப்பவே பக்குவமாச் சொல்லிருங்க, பெயின்டருக்கு அட்வான்ஸ் கொடுத்துரப் போறாக.

ஒவ்வொரு பாடத்துக்கும் சிலபஸை பிடிஎஃபா இறக்கி வைங்க. எம்.ஆர்க்ல உங்களை எந்த வருஷத்துல போடலாம்னு அதை வச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க. நாலு வருஷம் கழிச்சுத் தேடினா லிங்க் திறக்காது.

மிச்சிகன்_குளிர்

சார் சொன்ன சிலபஸ் விஷயத்தை ரெண்டு தடவை படி. எனக்கு என்விரான்மென்டல் சிஸ்டம்ஸ் பாடத்துக்கு விலக்கு கிடைக்கல, சிலபஸ் கையில இல்லைங்கிற ஒரே காரணத்தால. அதே பாடத்தைக் காசு கொடுத்து மறுபடி படிச்சேன்.

அப்புறம் விசாவுக்காக யூனிவர்சிட்டி கொடுத்த உன் ஐ-20 தாள்ல படிப்புப் பேருக்குப் பக்கத்துல ஒரு எண் இருக்கும், பாரு. 04.0201ன்னா சாதா ஆர்க்கிடெக்சர், படிச்சு முடிச்சதும் 12 மாசம்தான் வேலைக்கு அனுமதி. 04.0902, அதாவது பில்டிங் சயன்ஸ் டெக்னாலஜின்னா, ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பப் படிப்பு) கணக்குல இன்னும் 24 மாசம் நீட்டிக்கலாம். சில இடங்கள்ல ஒரே டிபார்ட்மென்ட்டுக்குள்ள ரெண்டு டிராக்கும் இருக்கு. மாத்தறதா இருந்தா ரெண்டாம் வருஷத்துலயே மாத்தணும்.

கொத்தனார்_மகன்

ஆச்சி, படிப்புக் கணக்கு எனக்குத் தெரியாது. அளவுக் கணக்கு சொல்றேன். கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம் பழைய வீடு மராமத்து எடுத்துச் செய்றோம்.

அஞ்சு இஞ்சுன்னா தம்பியை முதல்ல சந்தேகப்படுங்க. முற்றத் தரை தண்ணி வடிய ஒரு மூலைக்குச் சரிஞ்சிருக்கும், டேப்பைத் தரையோட விட்டு அளந்தா தப்பு வரும். டியூப் மட்டம் (தண்ணி நிரப்பின டியூப்) வச்சு நாலு மூலைத் தூண்லயும் ஒரே உயரத்துல பென்சில் கோடு போடுங்க. அந்தக் கோட்டுலயே அளங்க. தூணோட கல் அடிப்பகுதியில டேப் கொக்கி மாட்டுதா, மேல மரத்துல மாட்டுதான்னும் பாருங்க. கல்லு மரத்தை விட வெளிய தள்ளி நிக்கும். ஒரு மூலையில கல்லுல மாட்டி, இன்னொண்ணுல மரத்துல மாட்டினா அங்கயே ரெண்டு இஞ்சு போச்சு.

வரிசைத் தூணைத் தனித்தனியா அளக்காதீங்க. ஒரு முனையில சைபர் வச்சு டேப்பை நீட்டி விட்டு, ஒவ்வொரு தூணுக்கும் எண்ணைப் படிச்சுக்கிட்டே போங்க. துண்டு துண்டா அளந்து கூட்டினா ஒவ்வொண்ணுலயும் கால் இஞ்சு தப்பு சேந்துக்கிட்டே போகும். முற்றத்தைச் சுத்தின வளவுத் தாழ்வாரத்துல ஆத்தங்குடித் தரைக்கல்லு போட்டிருந்தா இன்னும் சுலபம். ஒரு வரிசையில எத்தனை கல்லுன்னு எண்ணுங்க, ஒரு கல்லோட அளவால பெருக்குங்க. டேப் அளவுக்கும் அதுக்கும் பெருசா வித்தியாசம் வந்தா டேப்தான் பொய் சொல்லுது.

இதெல்லாம் செஞ்சும் வித்தியாசம் வந்தா வீடு அப்படித்தான் கட்டியிருக்காக. அதை நேராக்கி வரையாதீங்க.

ஓட்டுக்கூரை

கொத்தனார் மகன் சொன்னதை அப்படியே என் வகுப்புல சொல்லப் போறேன். புரொபசருக்கு எழுதும்போது ஒரு வரி சேத்துக்கங்க: செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014ல யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியச் சின்ன உத்தேசப் பட்டியல்ல ஏறியிருக்கு. தனி ஆய்வுக்கு அனுமதி வாங்க அது உதவும். வரைபடத்துல முகப்பு, வளவு, இரண்டாங்கட்டுன்னு நம்ம பேரையே எழுதுங்க. 'கோர்ட்யார்ட் 1, கோர்ட்யார்ட் 2' போட்டா எந்த ஊர் வீடுன்னே தெரியாது.

கண்டனூர்_கறார்

சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். ரெண்டு வீட்டுக் காசு மட்டும் வாபஸ் இல்ல.

பள்ளத்தூர்_வளவு (பத்து நாள் கழிச்சு)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அட்வைசர் பதில் போட்டுட்டாங்க. ஃபிசிக்ஸ்ல இடம் கிடைச்சிருச்சு. லேப்ல மிச்சம் இருந்தது வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி பேட்ச் ஒண்ணுதான், அதையே எடுத்துக்கிட்டேன். ஐரோப்பாவை எடுத்துட்டு ஆறாவதுல ஸ்ட்ரக்சர்ஸ் 2 போட்டதும் பிளானர்ல சிவப்பே இல்ல. ஐ-20ல 04.0201தான் இருக்கு. டிராக் மாறணும்னா மார்ச்சுக்குள்ள விண்ணப்பிக்கணுமாம், ஃபிசிக்ஸ் மார்க்கைப் பாத்துட்டு முடிவு பண்றேன்.

அப்பச்சிகிட்ட சட்டத்தைச் சொன்னேன். "அப்ப போர்டுல உன் பேரை மட்டும் போடு, ஊருக்கே தெரியும்"னாக.

மூலைவிட்டம்: கொத்தனார் மகன் அண்ணே சொன்ன மாதிரியே தம்பி ஒரு மூலையில கல்லுல மாட்டியிருந்தான். பென்சில் கோட்டுல மறுபடி அளந்தோம். இப்ப வித்தியாசம் ஒண்ணே முக்கால் இஞ்சு. தரைக்கல்லு எண்ணியும் பாத்துட்டேன், டேப் சரி. கிழக்கு வரிசையில மூணாவது தூண் கொஞ்சம் உள்ள நிக்குது, அப்பத்தாவைக் கேட்டா அது ஆதியில இருந்தே அப்படித்தானாம். அப்படியே வரைஞ்சிட்டேன்.